பேசும் கருமருந்து

கோகிலா திட்டாத அரசாங்க இலாகா மிகக் குறைவு. மின்வாரியத்தை மழைக்காலத்தில் திட்டுவாள். காட்டுமாடு வந்து காப்பிச் செடிகளை மிதித்துவிட்டுப் போன காலைகளில் வனத்துறையைத் திட்டுவாள். தீயணைப்புத் துறைக்கு மட்டும் வருஷம் முழுக்கப் பூசை நடக்கும். ஆனால் போலீஸ் ஸ்டேஷனைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு குறைச்சொல் வராது. காரணம் மலைக்கே தெரியும். அவள் புருஷனைக் கண்டெடுத்தது அங்கேதான்.

தேர்தல் தேதி அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதை ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும், ஓட்டு எண்ணி முடித்த பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு வழக்கம் இருந்த காலம் அது. பழனி மலையின் கீழ்ச்சரிவில் காப்பியும் மிளகும் வாழையும் போட்டிருந்தவர்கள் பலரிடம் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. குழல் வாயில் கருமருந்தைக் கொட்டி, மேலே தேங்காய் நாரை வைத்து, கம்பியால் இடித்துக் கெட்டித்துச் சுடுகிற துப்பாக்கி. அதனால் யாரும் யாரையும் கொன்றதில்லை. சத்தம் கேட்டு யானை திரும்பிப் போகும், பன்றி தெறித்து ஓடும், அவ்வளவுதான்.

கோகிலாவின் அப்பாவுக்கு முழங்கால் வலி. அதனால் அந்த வருஷம் துப்பாக்கியை அவள் தோளில் போட்டுக்கொண்டு, அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். ஸ்டேஷன் தாழ்வாரத்தில் மலைக்காரர்கள் துப்பாக்கியும் கையுமாக வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஏட்டையா ஒவ்வொரு துப்பாக்கியையும் முகர்ந்து பார்த்து வாங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் எதிர்மலைப் பையன் ஒருவன், வேட்டியில் சுற்றிய துப்பாக்கியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தான்.

"உங்க குழல்ல துரு பிடிச்சிருக்குங்க" என்றான் அவன், யாரும் கேட்காமலே.

"உங்க வாயில பிடிச்ச துருவுக்கு இது பரவாயில்ல" என்றாள் இவள்.

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். பையன் சிரித்தான். பேர் பாண்டீஸ்வரன் என்றான். திரும்பிப் போவதற்குள் அவன் எண் அவள் பட்டன் போனில் ஏறியிருந்தது. அதற்குப் பிறகு மிஸ்டு கால், குறுஞ்செய்தி, ராத்திரிப் பேச்சு எல்லாம் உண்டு. ஆனால் நேரில் பார்க்க வேண்டுமென்றால் அடுத்த தேர்தல் வர வேண்டும். எந்தக் கட்சி ஆட்சியும் முழுசாக அஞ்சு வருஷம் ஓடக்கூடாது என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்ட காதலி தமிழ்நாட்டில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். நல்லவேளையாக உள்ளாட்சித் தேர்தல் சீக்கிரமே வந்தது.

கல்யாணத்துக்குப் பிறகும் அந்தப் பயணம் நிற்கவில்லை. ஊருக்கெல்லாம் தீபாவளி என்றால் அவர்களுக்குத் தேர்தல். நல்ல சேலை கட்டிக்கொண்டு, இரண்டு துப்பாக்கிகளையும் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். ஒப்படைத்துவிட்டுக் கைவீசிக்கொண்டு போய்ப் பரோட்டா சால்னா சாப்பிடுவார்கள், ஒரு சினிமா பார்ப்பார்கள். வீடு திரும்பியதும் துப்பாக்கி மாட்டியிருந்த ஆணி வெறுமையாக இருக்கும். பன்றி வந்தால் தகரத்தைத் தட்டி விரட்டுவார்கள். அந்த இரண்டு மாசமும் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்று அவளுக்கு இன்றைக்கும் தோன்றும்.

பிறகு அந்தச் சட்டம் வந்தது.

வெடிமருந்து வைத்திருப்பவர்கள் எங்கே, எவ்வளவு என்று பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று முன்பே விதி இருந்ததாம். யாரும் அறிவித்ததில்லை. ஆகவே மனிதர்களைக் கேட்பதை விட்டுவிட்டு மருந்தையே பேச வைத்துவிட்டார்கள். காப்பிக் கொட்டகையில் துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கூட்டி, புதிதாக வந்த நிலைய அலுவலர் மகிழன் அதை விளக்கினான். இளைஞன். சீருடை மொறமொறவென்று இருந்தது.

"இனிமே விக்கிற எல்லாக் கருமருந்துலயும் கண்ணுக்குத் தெரியாத துகள் கலந்திருக்கும். மலைமேல கோபுரம் வெச்சிருக்கோம்ல, அது கூப்பிட்டா துகள் பதில் சொல்லும். நான் இங்க இருக்கேன், இவ்வளவு இருக்கேன்னு. எங்க படத்துல உங்க வீடு சிவப்புப் புள்ளியாத் தெரியும். நீங்க எதுவும் செய்ய வேண்டாம். தேர்தலுக்குத் துப்பாக்கியக்கூட இனிமே ஒப்படைக்க வேண்டாம்."

கூட்டத்தில் சிலர் கை தட்டினார்கள். கோகிலா எழுந்தாள். துப்பாக்கி வைத்திருப்போர் சங்கத்துக்கு அப்போது அவள்தான் தலைவி.

"எங்க வீட்டுல என்ன இருக்குன்னு படம் போட்டு மாட்டப் போறீங்க. அத எவனாவது திருட்டுப்பய பாத்தா?"

"எங்களுக்கும் போலீசுக்கும் மட்டுந்தாம்மா தெரியும்."

"உங்க ஆபீசுல ரகசியம் தங்குமா தம்பி? டீக்கடை வரைக்கும் வராம எந்த ரகசியம் நின்னுருக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். மகிழன் சிரிக்கவில்லை.

"எங்கம்மாவும் தீயணைப்புலதான் இருந்தாங்க" என்றான். "வீடு எரியுது, உள்ள ஒரு பெரியவர் மாட்டிக்கிட்டார்னு கூப்பிட்டாங்க. போனாங்க. கட்டிலுக்கு அடியில சாக்கு சாக்கா வெடிமருந்து இருந்துருக்கு. வாசல்ல நின்ன ஒருத்தர்கூட அதச் சொல்லல. சொன்னா கேஸ் ஆயிடும்னு பயம். அதனால இப்ப ஒரு விதி போட்டுருக்கோம். சிவப்பு வீட்டுக்குள்ள எங்க ஆளு யாரும் நுழைய மாட்டாங்க. வெளியில நின்னு தண்ணி அடிப்போம், அவ்வளவுதான்."

சிரித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கோகிலாவுக்கும் சுருக்கென்றது. ஆனால் மறுநாளே திட்டுவதை மறுபடி ஆரம்பித்துவிட்டாள், அது வேறு விஷயம்.

அவள் பயந்தபடியே படம் டீக்கடைக்கு வந்து சேர்ந்தது. சிவப்பு வீட்டில் பெண் எடுக்க யோசித்தார்கள். சிலிண்டர் கொண்டு வருகிறவன் வண்டியை மேட்டிலேயே நிறுத்திவிட்டு, வந்து உருட்டிக்கொண்டு போங்கள் என்றான். மலைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மருந்தின் வாயை அடைக்க ஆளாளுக்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். ஒருவர் உப்புப் பானையில் புதைத்தார். ஒருவர் எருமைச் சாணத்தில் உருட்டினார். பாண்டீஸ்வரன் காப்பிக்காரன் அல்லவா? எதையும் வறுத்தால் அதன் குணம் மாறும் என்பது அவன் கட்சி. கொட்டை வறுக்கும் இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்து, இளந்தீயில், ஒரு கைப்பிடி கருமருந்தைப் போட்டுப் பக்குவமாகக் கிளறினான்.

கோகிலா கொல்லையில் இருந்தாள். புஸ்ஸென்று ஒரு சத்தம், வெள்ளைப் புகை, பிறகு "ஏ புள்ள!" என்று ஒரு கத்தல். கண் தப்பியது தெய்வச் செயல். மீசையில் பாதி போய்விட்டது. வலது கையில் விரல்நுனி முதல் முழங்கை வரை எரியாத துகள்கள் தோலுக்குள் ஏறி, பச்சை குத்தினதுபோல் கறுப்பாக நின்றுவிட்டன. புண் ஆறிய பிறகு அந்தக் கையை நீட்டி, "பாத்தியா, வானத்துல நட்சத்திரம் மாதிரி இருக்கு" என்றான். அவள் நாலு நாள் பேசாமல் இருந்தாள்.

காலம் போனது. யானையை விரட்ட மரத்துக்கு மரம் தேனீச் சத்தம் போடும் பெட்டிகள் வந்தன. துப்பாக்கிகளை மலைக்காரர்கள் ஒவ்வொருவராக ஒப்படைத்தார்கள், திரும்ப வாங்கவில்லை. கோகிலாவும் இரண்டையும் கொடுத்துவிட்டாள், மிச்சமிருந்த மருந்தையும் கொடுத்துவிட்டாள். மகள் தன்ஷிகா கல்யாணமாகிக் கோயம்புத்தூருக்குப் போனாள். படத்தில் மலை முழுக்க வெளுத்துவிட்டது. ஒரே ஒரு புள்ளி மட்டும் மிச்சம். அது பாண்டீஸ்வரனின் கறுத்த கையோடு சேர்ந்து நடந்தது. அவர் குளத்துக்குப் போனால் குளத்துக்குப் போனது, மிளகுக் கொடி பக்கம் போனால் அங்கே போனது. பேருந்தில் ஏறினால் வாசலில் வைத்திருந்த கருவி துகளைக் கண்டு மணி அடித்தது, இறக்கிவிட்டார்கள்; ஆஸ்பத்திரி வாசலிலும் அதே கதை. கீழே போக வேண்டாம் என்று இருவரும் மலையிலேயே இருந்துகொண்டார்கள்.

அப்போதுதான் அவருக்கு மறதி வந்தது. முதலில் சாமான் பேர் மறந்தது, பிறகு மனுஷர் பேர், பிறகு வீட்டுக்கு வரும் வழி. கோகிலா அசந்தால் போதும், கிளம்பிவிடுவார். சில்வர் ஓக் மரங்களைத் தாண்டினால் சோலைக்காடு, அதற்கப்பால் பாறை விளிம்பு. முதல் தடவை காணாமல் போனபோது அவள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு காடெல்லாம் ஓடினாள். இரண்டாவது தடவை, ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றாள். வீட்டுக்குத் திரும்பி வந்து, வாழ்நாளெல்லாம் திட்டிய தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டாள்.

"தம்பி, படத்தப் பாருங்க. எங்க இருக்காரு?"

மகிழனுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. பிறகு சொன்னான். "ஓடைக்கு அந்தப் பக்கம்மா. பாறைக்குப் போற பாதையில. வேகமாப் போங்க."

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை. "தம்பி", "ஓடை." "தம்பி", "பெரிய பலாமரம்." சில சமயம் அவள் கூப்பிடுவதற்கு முன்பே அவன் கூப்பிட்டான். "அம்மா, வீட்டுல இருக்கீங்களா? புள்ளி கேட்டத் தாண்டிருச்சு."

இப்படியே போயிருக்கலாம். ஆனால் மாவட்டத்திலிருந்து உத்தரவு வந்தது. மனிதர் உடம்பில் தங்கியிருக்கும் துகள்களைக் கரைக்க ஒரு களிம்பு வந்துவிட்டது, மலையில் மிச்சமிருக்கும் புள்ளியை அழித்துவிட வேண்டும் என்று. மகிழன் களிம்பு டப்பாவோடு ஜீப்பில் வந்தான். தன்ஷிகாவும் போனில் பிடிவாதம் பிடித்தாள்.

"அம்மா, அது போனாத்தான் அப்பாவப் பஸ்ஸுல ஏத்த முடியும். ஆஸ்பத்திரியில சேத்துக்குவாங்க. இங்க நல்ல இல்லம் ஒண்ணு இருக்கு, நான் தெனமும் போய்ப் பாத்துக்குவேன். நீயும் வந்துரு."

அவள் சொன்னதில் தப்பில்லை. கோகிலா தலையை ஆட்டினாள். பாண்டீஸ்வரனை நாற்காலியில் உட்கார வைத்தாள். மகிழன் கையுறை போட்டுக்கொண்டு அவருடைய விரல்நுனிகளில் களிம்பைத் தடவினான். படம் தெரிகிற திரைப் பலகையை அவள் பார்க்கும்படி மேசைமேல் வைத்திருந்தான். சிவப்புப் புள்ளி கொஞ்சம் கொஞ்சமாக மங்க ஆரம்பித்தது.

பெரியவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோகிலாவை நிமிர்ந்து பார்த்தார். அந்நியப் பெண்ணைப் பார்க்கும் மரியாதையான பார்வை.

"எந்த மலைங்க நீங்க? ரொம்ப நேரமாக் காத்திருக்கீங்களா? ஏட்டு இன்னும் கூப்பிடல."

கோகிலா நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இன்னும் கூப்பிடலைங்க" என்றாள். "கூப்பிடுவாங்க. உக்காருங்க."

அவர் திருப்தியாகச் சாய்ந்துகொண்டார். புள்ளி மேலும் மங்கியது. அவள் அதைப் பார்த்தாள், ஜன்னல் வழியாக ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

"நிறுத்துங்க தம்பி."

"அம்மா, பாதியில விட முடியாது. கையில வேற ஏதாவது கட்டி விடலாம்மா. வாட்ச் மாதிரி இருக்கு."

"மூணு வாட்ச் கெடக்கு கெணத்துக்குள்ள."

"தோலுக்கு அடியில வைக்கிற சில்லு?"

"தன்ஷிகா ஒரு டாக்டரக் கூட்டியாந்து வெச்சுப் பாத்தா. நகத்தாலயே கிள்ளி எடுத்துட்டாரு. சீழ் பிடிச்சு ஒரு மாசம் கெடந்தாரு. இது ஒண்ணுதான் அவரால எடுக்க முடியாதது."

"இல்லத்துல கதவு பூட்டியிருக்கும்மா. அங்க தொலைய மாட்டாரு."

"அதத்தான் நானும் யோசிக்கிறேன்" என்றாள் கோகிலா. "நடந்துக்கிட்டே இருந்த மனுஷன் தம்பி. பூட்டுனா அவரு அங்க இருக்க மாட்டாரு, ஒடம்புதான் இருக்கும்."

அவள் எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். வந்தபோது பழைய சங்கத் தலைவியின் குரல் திரும்பியிருந்தது.

"உங்க சட்டம் என்ன சொல்லுது? மருந்து வெச்சிருக்கக் கூடாதுன்னா, அறிவிக்காம வெச்சிருக்கக் கூடாதுன்னா?"

"அறிவிக்காமன்னுதான்."

"அறிவிச்சா?"

மகிழன் கையுறையைக் கழற்றினான். "சேமிப்பாளர்னு பதிவு செய்யணும். கோபுரம் காட்டுறது போதாது, தெனமும் சாயங்காலம் உரியவரே கூப்பிட்டு இருப்பச் சொல்லணும். ஆனா யோசிங்க. பஸ் கிடையாது. ஆஸ்பத்திரி கிடையாது. நாளைக்கு இந்த வீட்டுல தீப்பிடிச்சா என் ஆளுங்க உள்ள வர மாட்டாங்க. நானும் வர மாட்டேன். வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருப்பேன். அத என்னையச் செய்யச் சொல்லாதீங்கம்மா." 

அவள் அவன் தோளில் கை வைத்தாள். "உங்கம்மாகிட்ட யாரும் சொல்லல. நான் சொல்லிட்டுத்தான் வெச்சுக்கிறேன். வராதீங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

தன்ஷிகா இரண்டு மாசம் அம்மாவோடு பேசவில்லை. கோகிலா பதிவு செய்துகொண்டாள். எந்தச் சட்டத்தை எதிர்த்துக் கொடி பிடித்தாளோ அதே சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, தினமும் சாயங்காலம் விளக்கேற்றியதும் போன் செய்தாள்.

"இருப்பு இருக்கு தம்பி. வீட்டுலதான்."

"அளவு?"

"நேத்து மாதிரிதான். ரெண்டு இட்லி சாப்பிட்டுச்சு."

மகிழன் எழுதிக்கொண்டான். சிலநாள் கூடவே, "இன்னைக்குப் பேசுனாரா?" என்று கேட்டான். அவர் பேசிய நாளில் அவள் பேச்சு நீளும். ஸ்டேஷன் தாழ்வாரத்தில் தின்ற வேர்க்கடலை, ஏட்டையாவின் தொப்பை, பரோட்டாக் கடையில் பாண்டீஸ்வரன் துப்பாக்கியே இல்லாமல் சுட்டுக் காட்டியது என்று எல்லாம் வரும். தினமும் அந்தக் கறுத்த கையில் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடுவாள். கிழட்டுத் தோல் மெல்ல மெல்ல உரிந்தது. அதோடு துகள்களும் உதிர்ந்தன. புள்ளி மாசத்துக்கு மாசம் சிறுத்துக்கொண்டு வந்தது. அது முழுசாக அணைந்த பிறகு ஒருநாள் அவர் கிளம்பிப் போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான் அவளுடைய பயமாக இருந்தது.

அந்தப் பயம் பலிக்கவில்லை. ஐப்பசி மழையில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் எடுக்க மாட்டார்கள். டாக்டர் மட்டும் மலையேறி வந்து, முடிந்ததைச் செய்தார். கீழே கூட்டிப்போக முடிந்தால் பிழைத்துக்கொள்வாரோ என்று கோகிலா கேட்டாள். டாக்டர் தன் பையை மூடினார். மூன்றாம் நாள் காலையில், பாண்டீஸ்வரன் அவள் கையைப் பிடித்துக்கொண்டே போய்விட்டார். அந்தக் கேள்வியை அவள் அதற்குப் பிறகு தனக்குள் மட்டும் கேட்டுக்கொண்டாள்.

வெடிமருந்து இருப்பை எரிப்பதென்றால் வண்டி நிற்க வேண்டும் என்று விதி. ஆகவே மலைச் சுடுகாட்டுக்குத் தீயணைப்பு வண்டி வந்தது. மகிழனும் அவன் ஆட்களும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். தன்ஷிகா அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதாள்.

"நொடியில எரிஞ்சு அணையிற தீ துகளை ஒண்ணும் செய்யாதும்மா" என்று மகிழன் தணிந்த குரலில் சொன்னான். "மணிக்கணக்கா எரிஞ்சாத்தான் அடங்கும். சுடுகாட்டுல இருக்கிற புள்ளி பொழுது சாயறதுக்குள்ள போயிரும்."

சாயங்காலம் வீட்டில் விளக்கேற்றினாள். இனி ஒருநாள்கூட இதைச் செய்ய வேண்டியதில்லை என்று நினைத்தாள். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. போனை எடுத்தாள்.

"தம்பி, கோகிலா பேசுறேன். இருப்பு இல்ல. பதிவ எடுத்துருங்க."

மறுமுனையில் பொத்தான் தட்டும் சத்தம் கேட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறான் போலிருந்தது.

"அம்மா... சுடுகாட்டுப் புள்ளி போயிருச்சு. ஆனா உங்க வீட்டுல ஒண்ணு தெரியுதே. ரொம்பச் சின்னது. அவரோட சட்டை எதுவும் இருக்கா?"

"எல்லாத்தையும் அவரோடயே போட்டாச்சு தம்பி."

"நகருதும்மா. இப்பத்தான் பூஜை அலமாரி பக்கம் இருந்துச்சு. இப்ப போன் இருக்கிற எடத்துக்கு வந்துருக்கு."

கோகிலா தன் வலது உள்ளங்கையை விளக்கு வெளிச்சத்தில் விரித்தாள். ஆயுசெல்லாம் காப்பிப் பழம் பறித்து வெடித்துப்போன கை. தினமும் எண்ணெய் தேய்த்த கை. வெடிப்புகளின் ஆழத்தில், கழுவினாலும் போகாமல், மெல்லிசாகக் கறுப்பு படிந்திருந்தது. அழுக்கு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"அம்மா? களிம்பு மிச்சம் இருக்கு. நாளைக்குக் கொண்டு வரட்டுமா?"

அவள் விரல்களை மெதுவாக மடக்கி மூடிக்கொண்டாள்.

"வேண்டாம் தம்பி" என்றாள். "இருப்பு இருக்குன்னே எழுதிக்கங்க. நாளைக்கும் கூப்பிடுறேன்."